கம்ப்ரஷன் ஏற்றிய எஞ்சினுக்கு எந்த எரிபொருள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டர் (காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பொருத்திய, தண்ணீரால் குளிரும் 200 சி.சி. ஒற்றை சிலிண்டர் பைக் உங்களுடையது. சிலிண்டரின் உள்விட்டமான துளை 72 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 49 மி.மீ. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் 0.6 மி.மீ. சீவி, கம்ப்ரஷனை, அதாவது கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற விகிதத்தை, 11இலிருந்து 13க்கு ஏற்றியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத்தடத்தில் மட்டுமே ஓட்டப்போகும் இந்த வண்டிக்கு பங்கில் கிடைக்கும் 100 ஆக்டேன் போதுமா, வெளிநாட்டு ரேஸ் எரிபொருள் டிரம் வாங்க வேண்டுமா, மெத்தனாலுக்கே போய்விடலாமா, எதில் அதிக சக்தி கிடைக்கும் என்பது உங்கள் கேள்வி. எதில் அதிக சக்தி என்று நீங்கள் கேட்டாலும், இந்த எஞ்சின் எவ்வளவு ஆக்டேன் கேட்கிறது, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் வேண்டிய பதில் என்று நினைக்கிறேன். கோயம்புத்தூரில் 22 ஆண்டுகளாகப் பந்தய வண்டிகளின் எஞ்சின்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியதையும் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். ஆக்டேன் எண் எரிபொருளின் வலிமையைக் குறிப்பதல்ல. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகத் தீப்பற்றாமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் குறிப்பது. ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, இவ்விரண்டின் எந்தக் கலவைக்கு இணையாக ஒரு பெட்ரோல் தாங்குகிறது என்று சோதனை எஞ்சினில் பார்த்துத்தான் அந்த எண்ணைத் தருகிறார்கள். பிளக்கில் பொறி விழுந்ததும் தீ ஒரு முனையிலிருந்து பரவிக்கொண்டு போகிறது. அது இன்னும் எட்டாத ஓரத்துக் கலவை அதற்குள் நசுங்கிச் சூடேறி ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டால், அதைத்தான் நாக்கிங் என்கிறோம். அந்த எல்லைக்குள் இருக்கும் எஞ்சினுக்கு அதைவிட உயர்ந்த ஆக்டேன் ஊற்றினால் எந்த லாபமும் இல்லை. நாக்கிங்குக்கு அஞ்சிக் குறைத்து வைத்திருக்கும் இக்னிஷன் அட்வான்ஸை (பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பே பொறி விழுகிறது என்ற அளவை) திரும்பக் கூட்டவோ, கம்ப்ரஷனை ஏற்றவோ வழி கிடைக்கும்போதுதான் உயர்ந்த ஆக்டேன் சக்தியாக மாறுகிறது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டியில் 100 ஆக்டேன் ஊற்றிவிட்டு 'பிக்கப் கூடிவிட்டது' என்று சொல்பவர்களை மரியாதையுடன் கேட்டுக்கொள்வேன். எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றினால் அந்த வேறுபாட்டை நான் பார்த்ததில்லை.

அடுத்து, எண்களைப் படிப்பதில் பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. நம் ஊர் பங்கில் எழுதியிருப்பது ஆர்.ஓ.என். என்ற அளவு, அதைச் சோதனை எஞ்சினில் 600 ஆர்.பி.எம்.மில், ஓரளவு குளிர்ந்த காற்றில் அளக்கிறார்கள். எம்.ஓ.என். என்ற இன்னொரு அளவு 900 ஆர்.பி.எம்.மில், கலவையை ஏறத்தாழ 149 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி எடுப்பது. சாதாரண பெட்ரோலில் அது எட்டு முதல் பத்து எண் வரை குறைவாக இருக்கும். அமெரிக்கப் பங்குகளில் இவ்விரண்டின் சராசரியைப் போடுகிறார்கள். ஆகவே அமெரிக்கர் ஒருவர் 93 ஆக்டேனில் ஓட்டுகிறேன் என்று காணொளியில் சொன்னால், அது நம் கணக்கில் ஏறத்தாழ 98 என்று கொள்ள வேண்டும். ரேஸ் எரிபொருள் டிரம்மின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் எந்த அளவு என்று பார்க்காமல் நம் 100 உடன் ஒப்பிடுவது, அடியையும் மீட்டரையும் ஒப்பிடுவது போலாகிவிடும். டிரம் விற்பவரிடம் இரண்டு எண்களையும், அடர்த்தியையும், ஆக்சிஜன் சதவீதத்தையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

இனி உங்கள் எஞ்சினுக்கு வருகிறேன். உங்கள் அளவுகளின்படி சிலிண்டரின் கொள்ளளவு 199.5 சி.சி. கம்ப்ரஷன் 11 என்றால் மேலே மிஞ்சும் எரியறையின் அளவு ஏறத்தாழ 20 சி.சி. பிஸ்டனின் முழுப் பரப்புக்கும் 0.6 மி.மீ. குறைந்தாலும் கழிவது 2.4 சி.சி. மட்டுமே, மீதி 17.5. அதைக் கொண்டு கணக்கிட்டால் கம்ப்ரஷன் 12.4தான் வருகிறது, 13 அல்ல. சீவியது சிலிண்டரின் மேல்விளிம்பை அல்ல, ஹெட்டின் முகத்தை என்றால், எரியறையின் வாய் துளையைவிடச் சிறியதாக இருப்பதால் 12.4க்கும் சற்றுக் கீழேயே நிற்கும். லேத் பட்டறைக்காரர் சொன்ன எண்ணை நம்பி எரிபொருள் வாங்குவதற்கு முன், ஹெட்டைத் தலைகீழாக வைத்து, பிளக்கும் வால்வும் பொருத்திய நிலையில், சிறு துளையிட்ட அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவி மூடி, அளவுக்கோடுகள் உள்ள பியூரெட் குழாயில் மெல்லிய எண்ணெயை விட்டு எத்தனை சி.சி. பிடிக்கிறது என்று அளந்துவிடுங்கள். அதனுடன் கேஸ்கெட்டின் தடிமனையும், பிஸ்டன் தலையின் மேடு பள்ளத்தையும் சேர்த்தால்தான் உண்மையான கம்ப்ரஷன் தெரியும். அரை மணி நேர வேலைதான். வால்வுகளைத் திறக்கும் கேம் செயினில் ஓடுவதால், எதைச் சீவினாலும் கேம் டைமிங் சற்றுப் பின்தங்கும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியையும் பார்த்துவிடுங்கள்.

கம்ப்ரஷன் இவ்வளவு என்றால் ஆக்டேன் இவ்வளவு என்று ஓர் அட்டவணை எங்கும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை நம்ப வேண்டாம். யமஹா ஆர்1 பைக்கின் கம்ப்ரஷன் 13, டுகாட்டி பனிகாலே வி4இன் கம்ப்ரஷன் 14. இரண்டுமே பங்க் பெட்ரோலில் சாலையில் ஓடும் வண்டிகள். எரியறையின் வடிவம், பிஸ்டன் ஓரத்தில் கலவையை உள்நோக்கித் தள்ளும் குறுகிய இடைவெளி, நன்றாகக் குளிரும் ஹெட், ஒவ்வொரு ஆர்.பி.எம்.முக்கும் தனித்தனியாக எழுதிய டைமிங் ஆகியவை அந்த எஞ்சின்களைக் காப்பாற்றுகின்றன. சிறு துளையும் உயர்ந்த ஆர்.பி.எம்.மும் உங்களுக்குச் சாதகம்: தீ கடக்க வேண்டிய தூரம் குறைவு, கலவை தானாகப் பற்றுவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. உங்களுக்குப் பாதகமானவை இரண்டு: பழைய கம்ப்ரஷனுக்கு எழுதிய சி.டி.ஐ. (பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் மின்னணுப் பெட்டி) டைமிங்கை அப்படியே வைத்திருக்கிறீர்கள். கொங்கு நாட்டு ஏப்ரல் மத்தியானத்தில் கார்புரேட்டர் இழுக்கும் காற்று நாற்பது டிகிரியையும் தாண்டும். கம்ப்ரஷன் ஏறினால் தீ வேகமாகப் பரவும், ஆகவே அட்வான்ஸ் முன்பைவிடக் குறைவாகத்தான் வேண்டும். பழைய டைமிங்கில் ஆக்டேனை மட்டும் ஏற்றி ஓட்டினால், நாக்கிங் வராமல் போகலாம். ஆனால் எஞ்சின் தன் சக்தியை இழந்தபடி ஓடிக்கொண்டிருக்கும்.

நாக்கிங் வருகிறதா என்று காதால் மட்டும் முடிவு செய்ய முடியாது. ரேஸ் சைலன்சர் பூட்டிய ஒற்றை சிலிண்டர் எஞ்சினில், ஹெல்மெட்டுக்குள் இருந்துகொண்டு அந்த 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்க முடிந்தவர்களை நான் மிக அரிதாகவே சந்தித்திருக்கிறேன். உங்கள் வண்டியில் நாக் சென்சாரும் கிடையாது. ஆகவே பிளக்கைத்தான் பார்க்க வேண்டும். புதிய பிளக் போட்டு, முழு திராட்டிலில் இரண்டு மூன்று சுற்று ஓட்டி, நேர்ப்பாதையிலேயே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, உருட்டிக்கொண்டு, தடத்தின் ஓரம் வண்டிகளைக் கவனிக்கும் பிட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: மிளகுத்தூள் தூவியது போலக் கரும்பொட்டுகள் தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது என்று பொருள்; அவற்றிடையே வெள்ளிப் பொட்டாகப் பளபளத்தால் அது உங்கள் பிஸ்டனின் அலுமினியம், வண்டியை அன்றே நிறுத்திவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் அந்த வெள்ளிப் பொட்டுகளைப் பார்த்த பிறகும் 'இன்னும் ஒரே ஒரு செஷன்' என்று கிளம்பினார். நானும் அழுத்திச் சொல்லித் தடுக்கவில்லை. மாலையில் பிரித்தபோது எக்ஸாஸ்ட் பக்கத்துப் பிஸ்டன் ஓரம் எலி கடித்த தேங்காய் போல இருந்தது. அன்றிலிருந்து பொட்டைப் பார்த்தால் நான் சாவியைக் கையில் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது எரிபொருள்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்திய 100 ஆக்டேன் பெட்ரோல்தான் உங்களுக்கு என் முதல் பரிந்துரை. தண்ணீரால் குளிரும் இந்தச் சிறு துளை எஞ்சினுக்கு, 12.4 கம்ப்ரஷனில், டைமிங்கைத் திருத்தி வைத்தால் 100 போதும் என்பதை நான் உறுதிக்கு மிக அருகில் வைத்துச் சொல்வேன். அளந்து பார்த்தபின் உண்மையிலேயே 13 வந்தாலும் போதும் என்பது என் கருத்து; ஆனால் அதைக் கருத்தாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் எரியறையில் கூர்மையான விளிம்பு ஒன்று மிஞ்சியிருந்தாலே அது சிவந்து பழுத்து என் கணக்கைக் கெடுத்துவிடும்.

சாதாரண பெட்ரோலில் இன்று 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் உயர்ந்தது, ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கவும் செய்கிறது. அந்த வகையில் அது பந்தய எஞ்சினுக்கு எதிரி அல்ல. ஆனால் எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால் எரிபொருள் கூடுதலாக வேண்டும்: கலப்பற்ற பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்றால், 20 சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 13.5தான். கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும் துளையான மெயின் ஜெட்டை மாற்றாமல் எரிபொருளை மட்டும் மாற்றினால் கலவை எட்டு ஒன்பது சதவீதம் மெலிந்துவிடும். மெலிந்த கலவை சூட்டைக் கூட்டி நாக்கிங்கைக் கூப்பிடும். உங்கள் கேனில் எத்தனால் எவ்வளவு என்பதை நீங்களே பார்த்துவிடலாம். 100 மி.லி. அளவுக் குடுவையில் 10 மி.லி. தண்ணீரும் 90 மி.லி. பெட்ரோலும் ஊற்றி, மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அடியில் நின்ற கோடு 10லேயே நின்றால் கலப்பில்லை. 28 அருகே ஏறினால் 20 சதவீதக் கலவை. ஒவ்வொரு முறை பெட்ரோல் பிடிக்கும்போதும் இதைச் செய்து குறிப்பேட்டில் எழுதுபவர்களுக்கு ஜெட் குழப்பம் வருவதே இல்லை.

மெத்தனாலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பொய்யல்ல. ஒரு கிலோ பெட்ரோலில் இருக்கும் வெப்ப ஆற்றலில் பாதிக்கும் குறைவே ஒரு கிலோ மெத்தனாலில் இருக்கிறது. ஆனால் அதே அளவு காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனாலை எரிக்கலாம் என்பதால் கணக்கு சமமாகி, சற்றுக் கூடவும் செய்கிறது. அதோடு, ஆவியாக அது எடுத்துக்கொள்ளும் வெப்பம் பெட்ரோலைப் போல மூன்று மடங்குக்கு மேல். உள்ளே போகும் காற்று குளிர்ந்து அடர்த்தியாகிறது. கம்ப்ரஷனை 14, 15 என்று கொண்டுபோகலாம். ஆனால் 12.4இல் அதன் பயனில் பாதிகூட உங்களுக்குக் கிடைக்காது. பரிமாண அளவில் இரு மடங்கு எரிபொருள் போக வேண்டும் என்றால் ஜெட்டின் விட்டம் ஏறத்தாழ 1.45 மடங்காக வேண்டும். விட்டத்தை எண்ணாகக் குறிக்கும் 120 ஜெட் 175 ஆகும். கார்புரேட்டரின் மிதவை அறைக்கு அவ்வளவு எரிபொருளை விடும் ஊசி வால்வும், பெட்ரோல் டேப்பும் மாற வேண்டும். அலுமினியக் கார்புரேட்டரில் அது வெள்ளை மாவு போல அரிக்கும். ஓட்டி முடித்த ஒவ்வொரு மாலையும் பெட்ரோல் ஊற்றி ஓட்டிக் கழுவாவிட்டால் அடுத்த வாரம் ஜெட் அடைத்திருக்கும்.

நான் மெத்தனால் வேண்டாம் என்பதற்கு எஞ்சின் மட்டும் காரணமல்ல. 1964 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தின் தொடக்கத்திலேயே பெட்ரோல் தீ இரண்டு ஓட்டுநர்களின் உயிரைக் குடித்தபின், தண்ணீரிலேயே அணையும் என்பதற்காக அங்கே மெத்தனாலுக்கு மாறினார்கள். ஆனால் அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. 1981இல் அதே பந்தயத்தில் ஓட்டுநர் ரிக் மியர்ஸ் பிட்டில் தீப்பிடித்துத் துடித்தபோது, அவர் எரிந்துகொண்டிருப்பதே சுற்றி நின்றவர்களுக்கு உடனே புரியவில்லை. பயிற்சி பெற்ற குழுவுக்கே அந்த நிலை என்றால், நண்பர்கள் இருவரை அழைத்துக்கொண்டு வந்து ஓட்டும் நாம் என்ன செய்வோம்? தோல் வழியாகவும் அது உடலுக்குள் இறங்கும், கண்ணைப் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால்தான். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவை என்பது 1959ஆம் ஆண்டு விதிகளிலிருந்தே இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஒரு கேன் வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒதுங்கிவிடுங்கள்.

டிரம்மில் வரும் ரேஸ் எரிபொருளின் பெரிய சிறப்பு ஆக்டேன் அல்ல, மாறாத தன்மை. ஒவ்வொரு டிரம்மும் ஒரே அடர்த்தி, ஒரே ஆவியாகும் இயல்பு என்பதால், ஒருமுறை அமைத்த ஜெட்டும் டைமிங்கும் பருவம் முழுவதும் பொருந்தும். போட்டியில் பத்தில் ஒரு விநாடிக்குப் போராடுபவருக்கு அது விலை கொடுத்து வாங்கத்தக்கது. ஆனால் 110க்கு மேல் எண் போட்ட பல எரிபொருள்களில் இன்னும் ஈயம் உண்டு. ஈயம் நச்சு; ஏர்–ஃப்யூயல் அளக்கும் வைட்பேண்ட் சென்சாரையும் விரைவில் கெடுத்துவிடும், அந்த சென்சார் இல்லாமல் உங்கள் எஞ்சினைச் சரியாக ட்யூன் செய்யவே முடியாது. என்றாவது போட்டிக்குப் பெயர் கொடுக்கும் எண்ணம் இருந்தால் விதிப்புத்தகத்தையும் முதலில் படியுங்கள்: சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பின் விதிகளில் பல பிரிவுகளுக்கு ஆர்.ஓ.என். 102க்கு மேல் போகக்கூடாது, ஈயமும் கூடாது. சேமிப்பிலும் கவனம் வேண்டும். ஒருமுறை ஸ்ரீபெரும்புதூர் பந்தயத்தில் எங்கள் கேனின் மூடியைச் சரியாக இறுக்காமல் மத்தியான வெயிலில் விட்டுவிட்டோம்; எளிதில் ஆவியாகும் பாகம் பறந்துபோய், மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகாமல், இரண்டு மணி நேரம் இக்னிஷனில் கோளாறு தேடி வார்ம்-அப் செஷனை இழந்தோம்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் யாராவது உங்களிடம் சொல்லிவிடப் போகும் கலப்புகள். பெயின்ட் கடையில் கிடைக்கும் டொலுயீன் என்ற கரைப்பானைக் கலக்கச் சொல்பவர்கள் 1988ஆம் ஆண்டு ஹோண்டா ஃபார்முலா 1 எஞ்சினைச் சான்றாகக் காட்டுவார்கள். அந்த ஆண்டு 16 பந்தயங்களில் 15இல் வென்ற மெக்லாரன் கார்களில் இருந்த அந்த டர்போ எஞ்சினுக்கு 84 சதவீதம் டொலுயீனும் 16 சதவீதம் ஹெப்டேனும் கலந்த எரிபொருளை ஹோண்டா பயன்படுத்தியது உண்மைதான். டொலுயீனின் ஆக்டேன் விதியின் 102 எல்லையைத் தாண்டியதால், அதைக் கீழிறக்கவே ஹெப்டேனைச் சேர்த்தார்கள். டேங்க் 150 லிட்டர் மட்டுமே என்பதால் ஒரு லிட்டரில் அதிக ஆற்றல் தேவைப்பட்டது. டொலுயீன் எளிதில் ஆவியாகாது என்பதால் எரிபொருளைச் சூடாக்கி எஞ்சினுக்கு அனுப்பினார்கள் என்பதைத்தான் நம் ஆட்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கார்புரேட்டரில் அதே திரவம் துளித்துளியாக உள்ளே போய் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவும். கடையில் தின்னர் என்ற பெயரில் தருவது டொலுயீன்தானா என்பதும் கேள்விக்குறி. பெட்ரோலில் அந்துருண்டை போடும் பழைய பழக்கம் இன்னும் சாகவில்லை. பெட்ரோல் வற்றியதும் மிதவை அறையிலும் ஜெட் துளையிலும் நாப்தலீன் வெள்ளைப் படிகமாக உறைந்து நிற்பதை நான் ஊசியால் குத்தி எடுத்திருக்கிறேன். ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலில் ஐந்து பாயின்ட் உயரும் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் அரை ஆக்டேன்தான். அவற்றில் பலவற்றிலுள்ள மாங்கனீஸ் கூட்டுப்பொருள் பிளக்கின் மேல் செங்கல் நிறத்தில் படிந்து, நான் முன்பு சொன்ன பிளக் பரிசோதனையையே குருடாக்கிவிடும்.

உங்கள் எஞ்சினைக் கண்ணால் பார்க்காமல் எத்தனை டிகிரி அட்வான்ஸ், எத்தனை எண் ஜெட் என்று என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவரையும் நம்ப வேண்டாம். தொடங்கும் இடத்தை மட்டும் சொல்கிறேன். எரியறையை அளந்து முடித்து, எத்தனால் சோதனை செய்த 100 ஆக்டேன் பெட்ரோலை ஒரே பங்கில், முழுப் பருவத்துக்கும் அங்கேயே பிடிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மெயின் ஜெட்டை இரண்டு எண் பெரிதாகப் போட்டு, மாற்றியமைக்கக்கூடிய சி.டி.ஐ. ஒன்றில் டைமிங்கை இப்போதிருப்பதைவிட மூன்று டிகிரி குறைத்து வைத்துக்கொண்டு டைனோவுக்குப் போங்கள். முதலில் ஜெட்டைச் சரிசெய்து, பிறகு ஒவ்வொரு டிகிரியாக அட்வான்ஸைக் கூட்டுங்கள். டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) ஏறுவது நின்ற இடத்திலிருந்து ஒரு டிகிரி பின்வாங்கி நிறுத்துங்கள். டார்க் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிளக்கில் பொட்டு தெரிந்தால், அப்போதுதான் உங்கள் எஞ்சின் 100க்கு மேல் கேட்கிறது என்று பொருள். டிரம் வாங்குவதைப் பற்றி அன்றைக்குப் பேசலாம். எரியறை எத்தனை சி.சி. வந்தது என்பதையும், முதல் ஓட்டத்துக்குப் பின் பிளக் பீங்கானை வெயிலில் பிடித்து எடுத்த படத்தையும் இங்கே பதிவிடுங்கள், பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.